லாரிப் பட்டையா, 1095-ஆ, டி2-வா: காட்டு வேலைக் கத்திக்கு எந்த எஃகு?

கேள்வி: தோட்டத்தில் கிளை கழிக்கவும் விறகு பிளக்கவும், மலையேற்றம் போனால் முகாம் வேலைக்கும் ஒரு நல்ல கத்தி வேண்டும். துரு பிடித்தாலும் பரவாயில்லை, கார்பன் ஸ்டீல்தான் எடுக்கப் போகிறேன். விற்பனைக்கு வருவதில் 1095, 52100, டி2 என்று பல பெயர்கள் இருக்கின்றன. எங்கள் ஊர்ப் பட்டறையிலோ லாரிப் பட்டையில், அதாவது லாரியின் ஸ்பிரிங் தகட்டில், அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: நீங்கள் கேட்பது ஒரு கத்தி, சொல்லியிருப்பது இரண்டு வேலை. கிளை கழிப்பதும் விறகு பிளப்பதும் ஓங்கி வெட்டும் வேலை. முகாமில் கயிறு அறுப்பது, குச்சி சீவுவது, காய் நறுக்குவது எல்லாம் கைக்கு அடக்கமான வேலை. முதல் வேலைக்கு உங்கள் ஊர்ப் பட்டறையின் லாரிப் பட்டையே போதும். சரியாகத் தோய்ச்சல் போட்டால் (சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினமாக்கினால்) விலை கூடிய பல கத்திகளைவிட அது நன்றாக உழைக்கும். இரண்டாவது வேலைக்கு 52100 அல்லது 1095. டி2-வை வெட்டும் கத்திக்கு எடுக்கவே வேண்டாம். முடிந்தால் இரண்டு கத்தியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தப் பெயர்களைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். அமெரிக்க எஸ்ஏஇ முறையில் முதல் இரண்டு இலக்கம் எஃகின் குடும்பத்தையும், மீதி இலக்கம் கார்பன் அளவையும் சொல்லும். 1095-இல் 10 என்றால் வேறு உலோகம் எதுவும் பெரிதாகச் சேராத சாதாக் கார்பன் எஃகு, 95 என்றால் கார்பன் சுமார் 0.95 சதவீதம். 5160 என்பது கொஞ்சம் குரோமியம் சேர்ந்த ஸ்பிரிங் எஃகு, கார்பன் 0.60 சதவீதம். 52100-இல் கார்பன் 1 சதவீதம், குரோமியம் ஒன்றரைக்குப் பக்கம். இது பேரிங் செய்யும் எஃகு. 80சிஆர்வி2 என்பது ஐரோப்பியப் பெயர்: கார்பன் 0.80, கூடவே அரை சதவீதம் குரோமியம், துளி வனேடியம். டி2, ஓ1 இரண்டும் டூல் ஸ்டீல், அதாவது கருவிகள் செய்யும் எஃகு. அந்தப் பெயர்களில் கார்பன் அளவு தெரியாது. டி2-வில் கார்பன் ஒன்றரை சதவீதம், குரோமியம் 12 சதவீதம்.

நம் ஊர் எஃகுக் கடைகளில் இதே சரக்குக்கு வேறு பெயர்கள். 52100 வேண்டுமென்றால் இஎன் 31 என்று கேட்க வேண்டும். ஓ1-க்கு ஓஎச்என்எஸ். டி2-வும் டி3-யும் எச்சிஎச்சிஆர் என்ற ஒரே பெயரில் வரும், இதில் கவனம் தேவை. டி3-இல் கார்பன் 2 சதவீதத்துக்கும் மேல், டி2-வைவிட இன்னும் எளிதில் உடையும். லாரிப் பட்டை என்பது பெரும்பாலும் இஎன் 45 என்ற சிலிக்கான் கூடிய ஸ்பிரிங் எஃகாகவோ, 5160-ஐ ஒத்த குரோமியம் ஸ்பிரிங் எஃகாகவோ இருக்கும்.

சரி, இவற்றில் என்ன வித்தியாசம்? கார்பன் கூடக்கூட எஃகு கடினமாகும் என்பது சுமார் 0.6, 0.7 சதவீதம் வரைதான் உண்மை. அதற்கு மேல் போகும் கார்பன் கடினத்தை அதிகம் கூட்டாது. அது கார்பைடு என்ற மிகக் கடினமான நுண்துகள்களாக எஃகுக்குள் தங்கும். அந்தத் துகள்கள் கத்தியின் வாய் தேயாமல் காக்கும். அட்டை, கயிறு, தோல் என்று நாளெல்லாம் அறுக்கும் கத்திக்கு அது வரம். ஆனால் துகள்கள் பெரிதாகவும் நிறையவும் இருந்தால், அடி வாங்கும்போது விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். டி2-வில் நடப்பது இதுவே. அதன் குரோமியக் கார்பைடுகள் பெரியவை, மெல்லிய வாயில் அவை தாங்காமல் உதிரும். 12 சதவீதக் குரோமியம் இருந்தும் டி2 முழுத் துருப்பிடிக்காத எஃகு ஆகாததற்கும் காரணம் இதேதான்: குரோமியத்தில் பெரும்பங்கு அந்தத் துகள்களுக்குள் சிக்கிக்கொள்கிறது.

கத்தி கெடுவது மூன்று விதம். வாய் தேய்ந்து மழுங்கும், வாய் மடங்கும், அல்லது பல் விழும். வெட்டுக்கத்தி தேய்ந்து கெடுவதற்கு முன்பே மடங்கியோ பல் விழுந்தோதான் கெடும். சீமைக்கருவேலத்தில் முடிச்சு உள்ள இடத்தில் ஒரு நாள் வெட்டிவிட்டு, கத்தியின் வாயை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கூராக இருக்கும் இடம் ஒளியைக் காட்டாது. மடங்கிய இடம் மெல்லிய வெள்ளிக் கோடாக மின்னும். பல் விழுந்த இடம் ஒரு புள்ளியாகத் தனித்து மின்னும். மடங்கியதை அரத்தாலோ கல்லாலோ ஐந்து நிமிடத்தில் நேராக்கிவிடலாம். பல் விழுந்ததைச் சரிசெய்ய வாயையே ஒரு மில்லிமீட்டர் தேய்த்து எடுக்க வேண்டும். அதனால்தான் வெட்டும் கத்திக்குத் தேய்மானத் தாங்கலைவிட உடையாத தன்மையையே நான் முதலில் பார்க்கிறேன். அந்த வரிசையில் 5160-உம் 80சிஆர்வி2-வும் முன்னால் நிற்கும், 52100 நடுவில், 1095 அதற்குப் பின்னால், டி2 கடைசியில்.

80சிஆர்வி2 கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். 5160-க்கு நெருக்கமான உறுதி, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கூர் நிற்கும். இங்கே சில்லறையில் அது எளிதாகக் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். “இந்த எஃகு விறைப்பு, அந்த எஃகு வளையும்” என்று விற்பவர்கள் சொல்வார்கள். இங்கே பேசும் எல்லா எஃகுக்கும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே தடிமனில் 5160 தகடு ஒன்றும் டி2 தகடு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள், தோய்ச்சல் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் சற்றே வளைக்க ஒரே பலம்தான் தேவைப்படும். வித்தியாசம் அதற்கு மேல் வளைக்கும்போதுதான் தெரியும். தோய்ச்சல் போடாதது வளைந்தபடியே நிற்கும், நல்ல ஸ்பிரிங் எஃகு நிமிர்ந்துவிடும், கடினமாக்கிய டி2 பட்டென்று உடையும். விறைப்பைக் கூட்டுவது தடிமன். தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். கத்தி ஆடுகிறது என்று எஃகை மாற்றுபவர்கள் காசைத்தான் வீணாக்குகிறார்கள்.

இனி தோய்ச்சலுக்கு வருகிறேன். இதில்தான் கத்தி பிழைப்பதும் சாவதும். பெயர் தெரியாத பட்டையை ஒரு நல்ல ஆசாரி தோய்த்தால் கிடைக்கும் கத்தி, பெயர் பெற்ற எஃகை அரைகுறையாகத் தோய்த்துக் கிடைக்கும் கத்தியைவிட எப்போதும் மேல். ஒவ்வொரு எஃகும் பட்டறையிடம் எதிர்பார்ப்பது வேறு.

1095 பார்க்க எளிய எஃகு, தோய்ப்பதற்குக் கறாரான எஃகு. சிவக்கக் காய்ச்சி முக்கும்போது ஏறக்குறைய ஒரு வினாடிக்குள் அது 540 டிகிரிக்குக் கீழே இறங்கியாக வேண்டும். தவறினால் உள்ளே மென்மையான அமைப்பு உருவாகிவிடும். கடலை எண்ணெய் அந்த வேகத்துக்குப் போதாது: மெல்லிய வாய் மட்டும் கடினமாகும், தடித்த உடல் ஆகாது. தண்ணீர் அந்த வேகம் தரும், ஆனால் தண்ணீரில் முக்கினால் பல நேரம் ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்கும், விரிசல் விட்டுக் கத்தி அதோடு முடிந்தது. வெளிநாட்டில் இதற்கென்றே வேகமாகக் குளிர்விக்கும் எண்ணெய் வைத்திருக்கிறார்கள். எனவே 1095 வேண்டுமென்றால் அதைப் பல காலமாகச் செய்து வரும் நிறுவனத்தின் கத்தியாக வாங்குங்கள், ஊர்ப் பட்டறையில் செய்யச் சொல்லாதீர்கள். இன்னொரு விஷயம்: 1095 தாராளமாக 60 ராக்வெல்லுக்கு மேல் கடினம் தாங்கும் (ராக்வெல் என்பது கடினத்தை அளக்கும் அளவு). ஆனால் ஈஎஸ்ஈஈ என்ற அமெரிக்க நிறுவனம் தன் 1095 கத்திகளை 55 முதல் 57 ராக்வெல்லிலேயே நிறுத்துகிறது. கூர் சீக்கிரம் போகட்டும், காட்டில் உடையக் கூடாது என்று அவர்கள் எடுத்த முடிவு அது. அதே 1095-ஐ 60-க்கு மேல் வைத்த சிறிய கத்தி வேறு பொருள்போல நடந்துகொள்ளும். பெயரை மட்டும் பார்த்து இரண்டையும் ஒப்பிட முடியாது.

5160-உம் பட்டையும் மன்னிக்கும் குணம் உள்ளவை. குரோமியமும் மாங்கனீஸும் இருப்பதால் குளிர்வதற்குச் சில வினாடி அவகாசம் கிடைக்கும். 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிய கடலை எண்ணெயே போதும். எண்ணெயைச் சூடாக்கச் சொல்வது பலருக்கு வியப்பாக இருக்கும். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் கத்தியைச் சுற்றி ஓடாது, இளஞ்சூட்டில் அது இளகி ஓடி வேகமாகவே குளிர்விக்கும். உலையில் சூட்டை அளக்கக் கருவி இல்லாதபோது காந்தம் உதவும். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். அங்கிருந்து இன்னும் ஒரு சாயல் சிவப்பு ஏற வேண்டும், 830-க்குப் பக்கம். வெயிலில் நின்று நிறம் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். பட்டறைகள் இருட்டாக இருப்பது காரணமில்லாமல் இல்லை. நிறம் ஆரஞ்சுக்குப் போய்விட்டால் உள்ளே எஃகின் மணிகள் வளர்ந்து பெருத்துவிடும், அந்தக் கத்தி எளிதில் உடையும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது, உங்கள் பட்டறைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். அதே பட்டையிலிருந்து விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, கத்திக்கு என்ன சூடோ அதே சூட்டில் காய்ச்சி எண்ணெயில் முக்கி, வைஸில் பிடித்துச் சுத்தியலால் உடைக்க வேண்டும். உடைந்த முகத்தைப் பாருங்கள். மங்கலான சாம்பல் நிறத்தில், மணி எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் வழவழப்பாக இருந்தால் சூடு சரி. சீனியை உடைத்துப் பார்த்ததுபோல மினுமினுவென்று மணிகள் தெரிந்தால் சூடு அதிகம். அப்படியானால் கத்தியை மறுபடி காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டு, இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சூட்டைக் கொஞ்சம் குறைத்துச் செய்தால் மணிகள் மீண்டும் பொடியாகும். அதன் பிறகு தோய்க்கலாம். துண்டு உடையாமல் வளைந்தாலோ, அதன்மேல் அரம் வழுக்காமல் பிடித்துச் சீவினாலோ, அது கடினமாகவே ஆகவில்லை.

தோய்த்த கையோடு டெம்பர் செய்ய வேண்டும், அதாவது எளிதில் உடையாமல் இருக்கக் குறைந்த சூட்டில் மறுபடி வைக்க வேண்டும். வீட்டு ஓடிஜி அடுப்பே போதும்: 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். வெட்டுக்கத்திக்கு 230 வரை போகலாம், 57 ராக்வெல் பக்கம் நிற்கும். நீல நிறம் வரும்வரை சூடு காட்டினால் கத்தி உறுதியாகும் என்று பரவலான ஒரு நம்பிக்கை இருக்கிறது. கத்திக்கு அது பொருந்தாது. நீலம் என்பது சுமார் 300 டிகிரி. கார்பன் எஃகில் 260 முதல் 370 வரையிலான வரம்பில் டெம்பர் செய்தால் கடினம் குறைவதோடு உறுதியும் குறையும், இரண்டு பக்கமும் நஷ்டம். சிலிக்கான் கூடிய இஎன் 45-இல் இந்த வரம்பு சற்று மேலே தள்ளிப்போகும், ஆனாலும் 200 முதல் 230 என்பதே நல்ல இடம். அப்புறம், சாணைச் சக்கரத்தில் தேய்க்கும்போது வாயோரம் நீலம் பூத்தால் அந்த இடத்தில் டெம்பர் இறங்கிவிட்டது என்று பொருள். அங்கே இனி கூர் நிற்காது. தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள்.

நேபாளத்தில் குக்ரி என்ற வளைந்த வெட்டுக்கத்தியைச் செய்யும் காமிகள் என்ற கொல்லர்களின் முறை இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. அவர்களும் பழைய வண்டிப் பட்டையைத்தான் அடிக்கிறார்கள். சிவந்த கத்தியை முழுவதும் முக்குவதில்லை. கெட்டிலிலிருந்து தண்ணீரை வாயோரமாக மட்டும் ஊற்றுகிறார்கள். வாய் கடினமாகும், முதுகு மென்மையாக நிற்கும். முதுகில் மிஞ்சிய சூடு மெல்ல வாய்க்கு இறங்கி டெம்பர் வேலையையும் பார்க்கும். ஓங்கி வெட்டும் கத்தி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தின் தேர்விலும் இதே குணத்தைத்தான் சோதிக்கிறார்கள்: தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் அறுத்து, மரக்கட்டையைத் துண்டாகும்வரை வெட்டுவதை இரண்டு முறை செய்து, அதன் பிறகும் கை முடியைச் சிரைத்துக் காட்டி, கடைசியில் அதே கத்தியை 90 டிகிரி வளைக்க வேண்டும்.

52100-உம் ஓ1-உம் வேறு ரகம். காய்ச்சிய சூட்டிலேயே பத்து நிமிடத்துக்குக் குறையாமல் நிற்க வேண்டும், சூடும் ஏறி இறங்கக் கூடாது. கரி உலையில் அது கடினம். இஎன் 31-இல் கத்தி செய்வதென்றால் கோவை, ஓசூர், அம்பத்தூர் பக்கம் ஹீட் ட்ரீட்மென்ட் ஜாப் ஒர்க் எடுப்பவர்களிடம் கொடுத்து, 840 டிகிரி அளவில் காய்ச்சி எண்ணெயில் தோய்க்கச் சொல்லுங்கள். வாயுவில் குளிரவிடும் வாக்குவம் ஃபர்னஸ் டி2-வுக்குச் சரி, இதற்குப் போதாது. அப்படிச் செய்து 60, 61 ராக்வெல்லில் நிறுத்திய 52100 சிறிய கத்தி, கூர் ஏறுவதிலும் கூர் நிற்பதிலும் எனக்கு மிகப் பிடித்தது. அதன் கார்பைடுகள் பொடியானவை என்பதால் வாயை மிக மெல்லியதாக வைக்கலாம். தடிமன் 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஸ்வீடனின் மோரா கத்திகள் பெரும்பாலும் அதையும்விட மெல்லியவை, உலகமெங்கும் காட்டு வேலைக்கு அவற்றைத்தான் நம்பி எடுத்துப் போகிறார்கள்.

பழைய பட்டையில் ஒரு ஆபத்து உண்டு. லட்சக்கணக்கான குலுக்கலைத் தாங்கிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், குறிப்பாக நடு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் முனைகளிலும். ஓட்டை இருக்கும் பகுதியைத் தவிர்க்கச் சொல்லுங்கள். பட்டை கட்டும் கடைகளில் புதுப் பட்டை வெட்டிய துண்டு கிடைத்தால் அதுவே மேல். பட்டையின் மேல்தோலில் கார்பன் குறைந்திருக்கும், உலையிலும் இன்னும் கொஞ்சம் போகும். அதனால் தோய்ப்பதற்கு முன் வாயை ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் விட்டுவைத்து, தோய்த்த பிறகு அரை மில்லிமீட்டராவது மேல்தோலைத் தேய்த்து எடுத்துக் கூராக்க வேண்டும். புதுக் கத்தி முதல் இரண்டு சாணை வரை மோசமாகவும் பிறகு நன்றாகவும் வெட்டுகிறது என்று சொல்வார்களே, அந்தத் தோல் தேய்ந்து போவதுதான் விஷயம்.

துருவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மாங்காயோ எலுமிச்சையோ நறுக்கினால் கத்தி கறுக்கும், கருவேலம் வெட்டினாலும் அதன் துவர்ப்பு எஃகைக் கறுப்பாக்கும். அந்தக் கறுப்பு துரு இல்லை, அதைத் தேய்த்து எடுக்காதீர்கள். சிவப்புத் துரு மட்டும்தான் எதிரி. துடைத்து உலர்த்தித் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளானால் பிசுபிசுத்துக் கெட்டியாகும், தேங்காய் எண்ணெய் அப்படி ஆகாது. தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

மலையேற்றத்துக்கு ஒரு எச்சரிக்கை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் கத்தியும் அடங்கும், சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய முன்கூட்டியே எழுத்து அனுமதி வேண்டும். பாதை சரணாலயம் வழியாகப் போகிறதா என்று வனத்துறையிடம் முதலில் கேட்டுவிடுங்கள். பெரிய கத்தி தோட்டத்திலேயே இருக்கட்டும்.

பட்டறையில் சொல்லும்போது முதுகு 5 மில்லிமீட்டர், வெட்டும் நீளம் ஒரு சாண், வாய் இரண்டு பக்கமும் லேசாகப் புடைத்து இறங்கும்படி என்று கேளுங்கள். தட்டையாகத் தேய்த்து இறக்கிய வாயைவிடப் புடைத்த வாய் மரத்தில் சிக்காமல் வெளியே வரும், பல்லும் எளிதில் விழாது. கத்தி கைக்கு வந்ததும், ஒரு பென்சில் கனத்துக்குப் பித்தளைக் கம்பி எடுத்து மேசையில் அசையாமல் வைத்து, கத்தியின் வாயைச் சாய்வாக அதன்மேல் அழுத்தி, வெளிச்சத்தில் பார்த்தபடி இழுங்கள். கம்பியைத் தொடும் இடத்தில் வாய் சற்றே பிதுங்குவது தெரியும். கம்பி நகர்ந்ததும் வாய் நேராகிவிட்டால் தோய்ச்சல் சரி. பிதுங்கியபடியே நின்றால் கத்தி மென்மையாக இருக்கிறது, பட்டறைக்கே திருப்பிக் கொடுத்து மறுபடி தோய்க்கச் சொல்லுங்கள். பொடியாக உதிர்ந்தால் மறுதோய்ச்சல் வேண்டியதில்லை. முன்பு 200-இல் டெம்பர் செய்திருந்தால் இப்போது 220-இல் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு, உதிர்ந்த ஓரத்தைத் தேய்த்து எடுத்துக் கூராக்கி, அதே கம்பியில் மறுபடி பாருங்கள்.